பொய் ஏப்பம்

நுரையீரலில் காவல் இருந்த வெள்ளையணு தொந்தியப்பனுக்கு வாய்தான் ஆயுதம். மூச்சோடு வரும் கிருமியை லபக்கென்று விழுங்குவான். செரித்ததும் ஏப்பம் விடுவான். அதைக் கேட்டால்தான் மற்ற காவலர்களுக்கு நிம்மதி.

ஒருநாள் மெழுகுச் சட்டை போட்ட காசநோய்க் கிருமி ஒன்று வந்தது. அது ஓடவே இல்லை. "சிரமப்படாதீங்க அண்ணே, நானே வர்றேன்" என்று அவன் வாய்க்குள் ஏறிக்கொண்டது.

வயிறு எவ்வளவோ புரட்டிப் பார்த்தது. ஏப்பம் வரவில்லை.

பக்கத்துக் காவலன் மாடசாமி எட்டிப் பார்த்தான். "என்னப்பா, செரிக்கலையா? ஆளுகளைக் கூட்டியாரட்டுமா?"

விழுங்கியே பேர் வாங்கினவன் செரிக்கவில்லை என்று ஒத்துக்கொள்வானா? காற்றை இழுத்துப் பெரிதாக ஒரு பொய் ஏப்பம் விட்டான். மாடசாமி திருப்தியாகப் போய்விட்டான்.

வயிற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது. "ரொம்ப நன்றி அண்ணே. என்ன, அந்தச் சத்தத்துல பிள்ளைங்க எல்லாம் முழிச்சுக்கிட்டாங்க."