தொட்டிக்குள் அலை

கடைசித் தங்கமீனையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, கட்டில் நீளமிருந்த கண்ணாடித் தொட்டியைச் சவரிமுத்து கடலாக்கினார். உப்புத் தண்ணீரை நிரப்பி, பவளப் பாறைகளை அடுக்கி, மோட்டாரையும் ஓடவிட்ட கடைக்காரர், "இனிமே உங்களுக்குப் பெரிசா வேலை இருக்காது சார். ஆனா ஒரு மாசத்துக்கு மீன் விட்றாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணமாகி இந்த மலையடிவாரத்துக்கு வந்ததிலிருந்து, பிறந்த ஊர்க் கடலை ஒருதரம் பார்த்துவிட்டு வரலாம் என்று அமலோற்பவம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று அவர்தான் தள்ளிப்போட்டார். இப்போது அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை.

தொட்டியில் விரலை நனைத்து, பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த அவள் உதட்டில் வைத்தார்.

"உப்பு சரியாத்தான் இருக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டாள். சற்றுக் கழித்து முகம் சுளித்தாள். "அந்த மோட்டாரை நிறுத்துங்க. கடல் இப்படியா இரையும்?"

நிறுத்தினார். தண்ணீர் அசையாமல் நின்றது. அவர் சட்டைக் கையை மடித்து, முழங்கை வரை உள்ளே விட்டு, முன்னும் பின்னுமாக மெல்ல வீசினார். தண்ணீர் எழும்பிக் கண்ணாடியில் மோதித் திரும்பியது.

"என்னங்க" என்றாள் கண்ணைத் திறக்காமலே. "இன்னும் கால்கிட்ட வரலையே."

அவர் மறு கைச் சட்டையையும் மடித்தார்.