ஒளித்து வைத்த கோளாறு

"கிளைடர்ல ஒரே ஒரு கோளாறு ஒளிச்சு வெச்சிருக்கேன், லொரெல். கண்டுபிடிச்சா இன்னையிலிருந்து நீயும் பரிசோதகர். இல்லேன்னா உன் பண்ணைக்கே போய் ஆட்டுக்கு மயிர் கத்தரி!" என்று கண் சிமிட்டினான் பிராடி. என்ஜின் இல்லாமல் பறக்கும் கிளைடர் விமானங்களுக்கான அந்தக் கிளப்பில் தேர்வு எப்போதும் இப்படித்தான்.

"சீக்கிரம் ஆகட்டும்!" பாராசூட்டை மாட்டிக்கொண்டு வேலியோரம் துள்ளிக்கொண்டிருந்தாள் பிராடியின் மனைவி ஷேனா. தேர்வு முடிந்ததும் அவனோடு அவளுக்கு முதல் சவாரி.

லொரெல் இறக்கைகளைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. உள்ளே ஏறி உட்கார்ந்தாள்.

"பிராடி, வால்ல மேலயும் கீழயும் அசையுற தகட்டை இறுக்கிப் பிடி. நான் இங்க ஓட்டுற குச்சியை இழுக்கிறேன்."

அவன் பிடித்தான். அவள் இழுத்தாள். தடையே இல்லாமல் குச்சி அவள் மடிவரை வந்தது.

லொரெலுக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை.

"மாட்டிக்கிட்டியாடா! வாலுக்குப் போற கம்பியைக் கழட்டி விட்டிருக்கே! இப்படியே பறந்தா மூக்கைத் தூக்கவே முடியாதே, படுபாவி! நான் பாஸ்! பீர் உன் செலவு!"

வேலியோரம் ஷேனா கைதட்டினாள்.

பிராடி சிரிக்கவில்லை. வெளிறிய முகத்தோடு வந்து, இருக்கைக்குப் பின்னால் கைவிட்டு ஒரு ஸ்பேனரை எடுத்தான்.

"நான் ஒளிச்சு வெச்சது இதைத்தான், லொரெல். காலையில வாலை மாட்டினதும் நான்தான்; கம்பியை மாட்ட மறந்திருக்கேன்." அவன் வேலியோரம் திரும்பிப் பார்த்தான். "நீ முதல்ல இதைக் கண்டுபிடிச்சிருந்தா, இந்நேரம் ஷேனாவோட மேல போயிருப்பேன்."