கேட்டு வாங்கிய ஊசி

“இந்த ஊசி உங்க அம்மாவுக்குக் கிடையாதுங்கண்ணே” என்று சொல்லிவிட்டு, பென்சிலின் புட்டியைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள் ஹாஜிரா.

மாதுவுக்குக் கண் சிவந்தது. சற்று முன்னால்தான் பக்கத்துக் கட்டிலில் இருந்த மிட்டாதார் வீட்டம்மாவுக்கு அதே ஊசியைப் போட்டிருந்தாள், அதுவும் இரண்டு வார்த்தை சிரித்துப் பேசிக்கொண்டே.

“பெரிய வூட்டுக்குன்னா ஊசி, கூலிக்காரின்னா மாத்திரையா? எங்காத்தா ஒடம்புல ஓடறது ரத்தமில்லையா?” வார்டே திரும்பிப் பார்த்தது.

தர்மபுரி தனி மாவட்டமாகிச் சில வருஷங்களே ஆகியிருந்தன. அந்தச் சிறிய ஆஸ்பத்திரிக்கு ஹாஜிரா பயிற்சிக்கு வந்த நர்சிங் மாணவி. கட்டிலில் கிடந்த தீர்த்தம்மாளுக்குக் கேழ்வரகு அறுக்கும்போது அரிவாள் பட்ட கால், சீழ் கோத்து முழங்கால்வரை வீங்கியிருந்தது.

ஹாஜிரா கிழவியின் முன்கையைத் திருப்பிக் காட்டினாள். “மொதல்ல துளியூண்டு போட்டுப் பாத்தேன். எப்படித் தடிச்சுக் கெடக்குது பாருங்க. பென்சிலின் இவங்களுக்கு ஒத்துக்கலை. முழு ஊசியும் போட்டா மூச்சடைச்சு உசுரே போயிரும். டாக்டர் டெட்ராசைக்ளின் எழுதியிருக்காரு. இந்த கேப்சூலும் சீழுக்குக் கேக்கும்.”

“கொசு கடிச்ச தடிப்பைக் காட்டி ஏமாத்தறியா?” மாது அவள் கையைத் தட்டிவிட்டான். கேப்சூல்கள் தரையில் சிதறி உருண்டன. “எங்க பெரியப்பனையும் இப்படித்தான் வராந்தாவுலயே போட்டு வெச்சு சாகடிச்சீங்க. ஊசி கேட்டதுக்கு, ஸ்டாக் இல்லேன்னீங்க.”

அது அவள் வருவதற்கு முன்னால் நடந்தது. ஆனாலும் பொய்யில்லை என்று வார்டில் எல்லாருக்கும் தெரியும். ஹாஜிரா குனிந்து கேப்சூல்களைப் பொறுக்கிய அந்த நேரத்தில், மாது தாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

“பச்சியப்பன் டாக்டர் இருக்காரு. அவரு ஆளைப் பாத்து ஊசி போடமாட்டாரு!”

பச்சியப்பன் டாக்டரே இல்லை. சந்தைக்குப் பின்னால் ஓட்டுக் கட்டடம் ஒன்றில் ஊசி போட்டுப் பிழைப்பவர். தலைவலி என்று போனாலும் பென்சிலின் போட்டு அனுப்புவார் என்று சுற்றுப்பட்டு ஊர்களில் அவருக்குப் பெயர்.

“போறவங்களை விடு. சொல்லாம போனா நம்ம பொறுப்பில்லை” என்றாள் ஹெட் சிஸ்டர்.

“செத்தா யாரு பொறுப்பு சிஸ்டர்?” என்று சீறிய ஹாஜிரா, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஊசி ஒத்துக்காமல் போனால் உயிரைக் காக்கும் அட்ரினலின் மருந்தையும் கொதிக்கவைத்த சிரிஞ்சையும் எடுத்துக்கொண்டு வெயிலில் ஓடினாள். மாதுமேல், ஹெட் சிஸ்டர்மேல், பெரியப்பனை வராந்தாவில் போட்டவர்கள்மேல், யார்மேல் என்று பிரித்துச் சொல்ல முடியாத ஆத்திரம் அவளை விரட்டியது.

பச்சியப்பன் வாசலில் கூட்டம் நெரிந்தது. ஓரமாக ஒரு தாய், மூச்சுக்கு மூச்சு விலா உள்வாங்கும் பெண்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கே போகலாமா என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஹாஜிரா உள்ளே பாய்ந்தபோது தீர்த்தம்மாளின் கையிலிருந்து ஊசி வெளியே வந்துகொண்டிருந்தது. அதன் முனையில் மிச்சமிருந்த துளி, கண்ணாடிபோலப் பளிச்சிட்டு உதிர்ந்தது.

“என்ன போட்டீங்க?”

“பென்சிலின்” என்றான் மாது, நெஞ்சை நிமிர்த்தி. “கேட்டதும் போட்டாரு.”

“டெஸ்ட் பாத்தீங்களாய்யா? இது வைத்தியமா? கொலை! போலீசைக் கூட்டிட்டு வருவேன்!” என்று பச்சியப்பனைப் பார்த்துக் கத்திக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். அட்ரினலினை சிரிஞ்சில் ஏற்றித் தயாராக வைத்துக்கொண்டு கிழவியின் நாடியைப் பிடித்தாள். உதடு வீங்குகிறதா, மூச்சு இழுக்கிறதா என்று கண் கொட்டாமல் பார்த்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. நாடி நிதானமாக ஓடியது.

“ஏன் கண்ணு, ஒனக்கு இப்படி வேர்த்து ஊத்துது?” என்று தீர்த்தம்மாள் தன் முந்தானையால் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

மாது கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னான். “செத்துப்போயிருமாம்! பாருங்க, கல்லாட்டம் ஒக்காந்திருக்குது எங்காத்தா. இனி எவனாச்சும் அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பானா?”

கூட்டம் சிரித்தது. யாரோ காறித் துப்பினார்கள். ஓரத்தில் இருந்த தாய் அதற்குமேல் யோசிக்கவில்லை. குழந்தையை அள்ளிக்கொண்டு பச்சியப்பன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

ஹாஜிராவுக்கு அவமானத்தில் காது மடல் எரிந்தது. நிஜமாகவே கொசுக்கடிதானோ? மறுபடியும் முன்கையைத் திருப்பிப் பார்த்தாள். தடிப்பு முன்னைவிடப் பெரிதாகி, சுற்றிலும் சிவந்து கனன்றது.

“நான் இங்கயிருந்து நகரமாட்டேன். இனிமேயும் ஏதாவது ஆகலாம்” என்றாள் பிடிவாதமாக.

குழந்தையின் கையைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்த பச்சியப்பன், யாருக்கும் கேட்காதபடி அவள் காதருகே குனிந்தார்.

“கெளம்புங்க சிஸ்டர், ஆத்தாளுக்கு ஒண்ணும் ஆவாது. நான் யாருக்குப் போட்டாலும் வெறும் தண்ணிதாங்க.”