ஊதா ஆறு

உலகத்தில் இதுவரை விளைந்த நாசமெல்லாம் கோட்டைத் தாண்டி வண்ணம் தீட்டியவர்களால்தான் என்பது பூபதியின் தீர்மானமான கருத்து. சாயப்பட்டறை மாஸ்டர் சொன்னால் சும்மாவா?

வீட்டுப் பள்ளியில் மகள் கயற்கண்ணிக்கு இந்த மாதப் பாடம் ஆறு. ஆற்றைப் பற்றிப் படித்து, பாடி, கடைசியில் வண்ணப் புத்தகத்தில் ஆற்றுக்கு வண்ணம் தீட்டினால் பாடம் முடியும். தப்பான வண்ணத்தைப் புத்தகமே விழுங்கிவிடும். சாயங்காலத்துக்குள் தாள் நிறையாவிட்டால் அடுத்த மாதமும் ஆறுதான்.

கயல் காலையிலிருந்து ஊதாவையே தீட்டிக்கொண்டிருந்தாள். தாளும் சளைக்காமல் விழுங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்கண்ணு, ஆறுன்னா நீலம். கிறுக்காம நீலத்தை எடு."

"நீலம் போன வாரங்கப்பா. இன்னைக்கு ஊதா. சன்னல்ல எட்டிப் பாருங்க."

"புத்தகம் போட்டவங்களுக்குத் தெரியாததா?"

"அவங்க நம்ம ஆத்தப் பாத்தாங்களா? நீங்கதானே காலையில ஊதாத் தண்ணியத் தொறந்து விட்டீங்க? உங்க நகத்தப் பாருங்க!"

பூபதி கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, பிடிவாதக்காரப் பிள்ளைகள் உருப்பட்டதாகச் சரித்திரமே இல்லை என்று விளக்கினான். கயல் ஊதாக் கிரயான் தேய்ந்து தீரும்வரை தீட்டினாள். தீர்ந்ததும் நீலத்தைச் சன்னல் வழியாக ஆற்றில் எறிந்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

தாள் வெள்ளையாகக் கிடந்தது. கிரயானைத்தான் அது விழுங்கும். பட்டறைச் சாயத்தை இதுவரை எந்தச் சோப்பும் ஜெயித்ததில்லை. பூபதி சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான். பையிலிருந்து ஊதாச் சாய மாதிரிப் புட்டியை எடுத்து, விரலைத் தோய்த்து, ஆற்றின் மேல் இழுத்தான். புத்தகம் கீச்சுக் கீச்சென்று கத்தியது. சாயம் கோட்டைத் தாண்டிக் கரையேறி, அங்கே நின்ற தென்னையையும் பிடித்துக்கொண்டது.

பூபதி இன்னொரு விரலையும் தோய்த்தான்.