பதின்மூன்றாம் வாய்ப்பாடு

வாய்ப்பாட்டில் பாதியை மட்டும்தான் குணவதி டீச்சர் சொல்வார். மீதியை வகுப்பு சொல்லும். "ஏழு பதிமூணு?" என்று அவர் மேசையைத் தட்டினால், "தொண்ணூத்தொண்ணு!" என்று பிள்ளைகள் கூரையைப் பிய்ப்பார்கள். நல்லாசிரியர் விருதுக்கு அவர் பெயர் போனதே அந்தச் சத்தத்தால்தான். அதைச் சரிபார்க்க வந்த கல்வி அதிகாரி, தனக்குப் போட்ட மாலையைக் கழற்றாமலே பிள்ளைகளை விளையாட அனுப்பிவிட்டார்.

"இப்ப நீங்க சொல்லுங்கம்மா. எட்டு பதிமூணு?"

டீச்சர் வழக்கம்போலக் காத்திருந்தார். காலி பெஞ்சுகள் பதில் சொல்லவில்லை. விருது போனால் போகட்டும், வேலையும் சேர்ந்து போய்விடுமோ என்று பயந்தார். கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ராகம் மட்டும் மாறாமல், "நூத்திப் பதினாலு!" என்றார்.

அதிகாரி கம்பீரமாகத் தலையாட்டத் தொடங்கினார். தலை பாதியில் நின்றது. பின்னால் நின்ற உதவியாளர் பக்கம் சாய்ந்தார்.

"சரிதானேய்யா?"

"ஐயா சொன்னா சரியாத்தாங்க இருக்கும்."

"நான் எங்கய்யா சொன்னேன்?"

மறந்துபோன தண்ணீர் பாட்டிலை எடுக்க வந்த ஒரு சிறுமி, எல்லாவற்றையும் கேட்டபடி வாசலில் நின்றிருந்தாள். மூவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு மெல்ல வாயைத் திறந்தாள்.

"முதல்ல அந்தக் கதவைச் சாத்துய்யா!" என்றார் அதிகாரி.