நீட்டிய கைகள்

தேவாலயத்தில் திருவிருந்து அப்பம் வாங்க முழங்காலிட்ட ஜெபக்கனியின் முன் போதகர் அப்பத்தட்டோடு தயங்கி நின்றார். அவளும் மெர்லினும் ஒரே வீட்டில் இணையாக வாழ்வது சபை முழுக்கத் தெரிந்துவிட்டது.

"அவளை விட்டுட்டு வாரேன்னு ஒரு வார்த்த சொல்லும்மா. நீயா தேடிக்கிட்ட பாவம்தான?" என்றார் தணிந்த குரலில்.

"இந்த ஆசை நான் கேட்டு வாங்கினதில்ல, ஐயா. எடுத்துப்போடும் ஆண்டவரேன்னு பதினஞ்சு வருசம் உபவாசமிருந்து ஜெபிச்சேன். எடுக்கல. மெர்லின்கூட இருக்கது மட்டுந்தான் நானா எடுத்த முடிவு. அதப் பாவம்னு சொல்ல எனக்கு வாய் வராது."

போதகர் அவள் கையில் அப்பம் வைக்காமல் அடுத்தவரிடம் நகர்ந்தார். அப்பம் வாங்கியவர்கள் எழுந்து போக, அடுத்த வரிசை வந்து முழங்காலிட்டது. ஜெபக்கனி எழவில்லை. நீட்டிய கைகளை மடக்கவுமில்லை. தட்டு மறுபடியும் அவள் பக்கம் வந்துகொண்டிருந்தது.