கண்டனத்துக்கு ஓர் அடைமொழி

பக்கத்து நாட்டு அரசு ஏவிவிட்ட ஹேக்கர்கள் எங்கள் ஆஸ்பத்திரிக் கணினிகளை முடக்கி மூன்று நாளாகிறது. டயாலிசிஸ் மிஷின்கள் நின்றுவிட்டன. வெளியுறவு அமைச்சகத்தில், அந்த நாட்டுக்கு அனுப்பும் கடிதத்தை அடிக்கப் பழைய தட்டச்சு இயந்திரத்தின் முன் ரெஜினா உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் ஆஸ்பத்திரியில் ஆறாம் படுக்கையில் வீங்கிக் கிடந்தான்.

"'கடும் கண்டனம்'னு போடும்மா" என்றார் துணைச் செயலாளர்.

"போன தடவையும் அதானே சார் போட்டோம்? அப்ப கரண்ட்டைத்தான் நிறுத்தினாங்க."

"அப்ப 'மிகக் கடும்'."

செயலாளர் பதறினார். "மிக வேணாம்யா, கோச்சுக்குவாங்க."

ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். நடுவில் வடை வந்தது.

"'கண்டனம்'னுக்கு முன்னால இடத்தைக் காலியா விடும்மா. மேலிடத்துல கேட்டுச் சொல்றோம்" என்றார் செயலாளர்.

காலி இடத்தில் ரெஜினா, 'சூசைராஜ், ஆறாம் படுக்கை' என்று அடித்தாள். கையெழுத்துப் போட்டவர் வழக்கம்போலப் படிக்கவில்லை. கடிதம் போய்விட்டது.